பந்தயம் இல்லாத மாதங்கள்

(ஒலுவில் துறைமுகத்தில் நடந்த இளைஞர் ஒன்றுகூடலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பெரியோர்களே, தாய்மார்களே, உள்ளே கதிரை இருந்தும் வாசலில் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிமாரே,

மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேசும்படி சொன்னார்கள். பந்தயம் எப்படி ஓடுகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கைப்பேசியில் ஒன்றுக்குப் பத்துத் தரம் பார்த்திருப்பீர்கள். எனவே பந்தயம் இல்லாத மாதங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

உலகின் பெரிய மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோ ஜீபியில் கடைசி ஓட்டம் நவம்பரில் முடிகிறது. அடுத்தது மார்ச்சில். நடுவில் மூன்றரை மாதம். அந்த மூன்றரை மாதத்தில் ஒரு வீரன் என்ன செய்கிறான்? பழைய அணியை விட்டு விலகி, புதிய அணிக்குப் போன வீரனாக இருந்தால் என்ன செய்கிறான்? இதுதான் இன்றைக்கு நமது பேச்சு.

இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. வாடை திரும்பிக் கடல் கொந்தளிக்கிற மாரியில் படகு கரையில் கிடக்கும். கிடக்கிற படகு சும்மாவா கிடக்கிறது? வலை பொத்துகிறார்கள், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிறார்கள், அடுத்த பருவத்துக்கு யார் யாருடைய படகில் போவது என்று பேசி முடிக்கிறார்கள். பந்தயத்துக்கும் ஒரு மாரி உண்டு. பந்தயத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்பது என் கட்சி.

முதலில் அந்த வண்டியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1000 சிசி இயந்திரம். குறைந்தபட்ச எடை 157 கிலோ. இங்கே வீதியில் ஓடும் சில 150 சிசி வண்டிகளுக்கும் அதற்கும் எடையில் பெரிய வித்தியாசமில்லை. 2023இல் இத்தாலியின் முஜெல்லோ பாதையில் பிரட் பைண்டர் என்ற தென்னாபிரிக்கர் மணிக்கு 366 கிலோமீற்றர் வேகத்தில் போனார். அந்த வேகத்தில் போகிறவன் அடுத்த வளைவுக்கு முன்னால் சில விநாடிக்குள் வேகத்தைக் கொட்டித் தீர்க்கவேண்டும். அப்போது அவனுடைய உடம்பு முழுவதும் முன்னால் பாய்கிறது. அதைத் தாங்குவது இரண்டு கையும் இரண்டு தொடையும்தான்.

இந்த வண்டி எல்லோருக்கும் ஒரே வண்டியா? இல்லை. ஹொண்டா ஒரு விதம், யமஹா ஒரு விதம், டுகாட்டி இன்னொரு விதம். ஒன்றில் முன் டயரை நம்பி வளைவுக்குள் இறங்கலாம். இன்னொன்றில் பின் டயர்தான் வழிகாட்டும். பத்து வருடம் ஒரு வண்டியில் ஓடியவனுடைய கைக்கு அந்த வண்டியின் வழக்கம் ஊறிப்போயிருக்கும். அவன் அணி மாறினால் அந்தக் கை என்ன செய்யும்?

இங்கேதான் வலன்டினோ ரொஸ்ஸியின் கதை வருகிறது.

2001, 2002, 2003. மூன்று வருடமும் உலகச் சம்பியன். மூன்று வருடமும் ஹொண்டா. ஊர் வாய் என்ன சொல்லும்? வண்டி நல்ல வண்டி, யார் ஏறினாலும் வெல்லும் என்று சொல்லும். சொன்னார்கள். ரொஸ்ஸி என்ன செய்தார்? யமஹாவுக்குப் போனார். அந்த யமஹா பெரிய வகுப்பில் கடைசியாகச் சம்பியன் பட்டம் வென்றது 1992இல், வெய்ன் ரெய்னியோடு. பன்னிரண்டு வருட வறட்சி. அதற்குள் போய் இறங்கினார்.

ஹொண்டா சும்மா விடுமா? ஒப்பந்தம் டிசெம்பர் 31 வரை. அதற்கு ஒரு நாள் முன்னால்கூட அடுத்தவன் வண்டியைத் தொடக்கூடாது என்றது. புது வண்டியில் ஏற 2004 ஜனவரி வரை காத்திருந்தார். இடம் மலேசியாவின் செபாங்.

அவர் தனியாகப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜெரெமி பேர்ஜஸ் என்ற அவுஸ்திரேலியர் ஹொண்டாவில் அவருடைய தலைமை மெக்கானிக். மிக் டூஹன் 1994 முதல் 1998 வரை ஐந்து பட்டம் வென்றபோதும் அந்த இடத்தில் இருந்தவர் பேர்ஜஸ்தான். ரொஸ்ஸி அவரையும், தன்னுடைய பழைய மெக்கானிக்குகளில் பலரையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார். ஏன்? பந்தய வீரன் வண்டியை விட்டு இறங்கி வந்து அரை வசனம்தான் சொல்வான். ‘உள்ளே இறங்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது’ என்பான். அந்த ‘ஒரு மாதிரி’ எந்த மாதிரி என்று தெரிந்த மனிதன் எதிரே நிற்கவேண்டும். பேர்ஜஸுக்குத் தெரியும். புதியவருக்கு அது தெரிய ஒரு வருடம் பிடிக்கும்.

செபாங்கில் யமஹாவின் பொறியியல் தலைவர் மசாவோ ஃபுருசாவா ரொஸ்ஸிக்கு முன்னால் நான்கு விதமான இயந்திரங்களை வைத்தார். சில ஐந்து வால்வு, சில நான்கு வால்வு. கிராங்க் அமைப்பும் வேறு வேறு. ரொஸ்ஸி ஒவ்வொன்றாக ஓட்டினார். கடைசியில் தேர்ந்தெடுத்தது நான்கு வால்வு இயந்திரம். அதன் கிராங்க் ஊசிகள் ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருந்தன.

கராஜ் வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு நிமிடம். சாதாரண நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் இரண்டு பிஸ்டன் மேலே நின்றால் இரண்டு பிஸ்டன் கீழே நிற்கும். நான்கும் ஒரே நேரத்தில் நிற்கும், ஒரே நேரத்தில் ஓடும். அந்த நிற்பதும் ஓடுவதும் கிராங்கில் ஒரு துடிப்பை உண்டாக்குகிறது. பெற்றோல் எரிந்து பின் சக்கரத்தைத் தள்ளும் உண்மையான உந்தலோடு அந்தத் துடிப்பும் கலந்துவிடுகிறது. ஓட்டுபவன் கையில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. எது எது என்று பிரிக்க முடியாது. கிராங்கை 90 பாகையாக மாற்றினால் ஒரு பிஸ்டன் நிற்கும்போது இன்னொன்று ஓடும். அந்த வீண் துடிப்பு பெரும்பாலும் அடங்கிப்போகும். மிச்சம் இருப்பது எரிப்பின் உந்தல் மட்டும். பின் டயர் இப்போது பிடிக்கிறதா, வழுக்குகிறதா என்று வலது கை நேரடியாக உணரும். வேகத்தைவிட, தன் கைக்கு விளங்கும் வண்டியை அந்த மனிதன் தேர்ந்தெடுத்தார்!

பிறகு என்ன நடந்தது? 2004 ஏப்ரல் 18, தென்னாபிரிக்காவின் வெல்கொம். பருவத்தின் முதல் ஓட்டம், புது அணியில் முதல் ஓட்டம். எதிரே ஹொண்டாவில் மாக்ஸ் பியாஜி, பழைய பகையாளி. கடைசிச் சுற்று வரை இழுபறி. ரொஸ்ஸி 0.21 விநாடியில் வென்றார். வென்ற கையோடு வண்டியைப் பாதையோரம் நிறுத்தி, டயர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்துக்கொண்டார். எழுந்து வந்து வண்டியை முத்தமிட்டார். அந்த வருடம் ஒன்பது வெற்றி, சம்பியன் பட்டம். உலகம் ஏப்ரலைக் கொண்டாடியது. வேலை ஜனவரியிலேயே முடிந்திருந்தது.

சரி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகக் கொடுத்துவைத்தவன் போவான். கொடுத்துவைக்காதவன் என்ன செய்வான்?

மார்க் மார்க்கேஸ். இந்தப் பெயரைச் சொன்னதும் வாசல் பக்கம் சத்தம் கேட்கிறது! 2013 முதல் 2019 வரை ஹொண்டாவில் ஆறு மோட்டோ ஜீபி பட்டம். 2020 ஜூலையில் ஹெரெஸ் பாதையில் விழுந்தார். வலது மேற்கை எலும்பு உடைந்தது. அவசரப்பட்டுத் திரும்பி வந்தார், எலும்பில் வைத்த தகடு சேதமானது. நான்கு அறுவைச் சிகிச்சை. நான்காவது 2022இல் அமெரிக்காவில்: 30 பாகைக்கு மேல் திரும்பிப் பொருந்தியிருந்த எலும்பை வெட்டி, திருப்பி, நேராக்கினார்கள். இடையிடையே கண்ணில் ஒன்று இரண்டாகத் தெரியும் கோளாறும் வந்தது. ஹொண்டாவின் வண்டியோ அந்த வருடங்களில் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது.

2023 ஒக்டோபரில் அவர் ஒரு முடிவெடுத்தார். மிச்சமிருந்த ஒரு வருட ஒப்பந்தத்தையும் பெரும் சம்பளத்தையும் விட்டுவிட்டு கிரெசினி அணிக்குப் போனார். கிரெசினி இத்தாலியின் பாயென்சாவில் இருக்கும் சின்ன அணி. அதை உருவாக்கிய ஃபவுஸ்டோ கிரெசினி 2021 பெப்ரவரியில் கொரோனாவில் காலமானார். அவருடைய மனைவி நாதியா படோவானி அணியை மூடாமல் தானே நடத்துகிறார். அங்கே அப்போது ஓடியது டுகாட்டியின் முந்தின வருட வண்டி. சிறிய வகுப்புகளையும் சேர்த்து எட்டு உலகப் பட்டம் பெற்றவர் போன வருட வண்டிக்கு! நம்மூரில் யாராவது இப்படிச் செய்தால் வீட்டில் என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆட்கள்? ஹொண்டாவின் பதினொரு வருடமும் கூடவே இருந்த தலைமை மெக்கானிக் சான்ரி ஹெர்னான்டஸ் ஹொண்டாவிலேயே நின்றுவிட்டார். மார்க்கேஸோடு போனது ஒரேயொரு மெக்கானிக். புதிய இடத்தில் காத்திருந்தவர் ஃபிராங்கி கார்ச்சேடி. 2020இல் சுசூகியில் ஜோவான் மீர் சம்பியன் ஆனபோது அவர் பக்கம் நின்றவர். நல்ல ஆள்தான். ஆனால் இருவரும் ஒன்றாக வேலை பார்த்ததே கிடையாது.

2023 நவம்பர் 26 ஞாயிறு, வலென்சியாவில் ஹொண்டாவோடு கடைசி ஓட்டம். மோதி விழுந்து முடித்தார். செவ்வாய்க்கிழமை, 28ஆம் திகதி, அதே பாதையில் டுகாட்டியில் ஏறினார். ஒப்பந்தம் இன்னும் ஹொண்டாவோடு இருந்ததால் நிருபர்களிடம் வாய் திறக்க முடியாது. வண்டியில் விளம்பரம் இல்லை. முதல் சுற்றுகள் ஓடி வந்து அணியின் கராஜில் உட்கார்ந்தார், ஹெல்மட்டைக் கழற்றினார், கார்ச்சேடியைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு. அவ்வளவுதான். கமெரா அதைப் பிடித்துக்கொண்டது. உலகம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. அன்றைய நேரப் பட்டியலில் நான்காவது.

அந்தச் சிரிப்பை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்து வந்த பத்து வாரத்தை யார் பார்த்தார்கள்? டிசெம்பரிலும் ஜனவரியிலும் இப்போது பந்தய வண்டியில் சோதனை ஓட்டத்துக்குத் தடை. பெப்ரவரி 6ஆம் திகதிதான் செபாங்கில் மறுபடி ஏறலாம். அதுவரை மண் பாதையில் மோட்டோகிராஸ், சைக்கிள், உடற்பயிற்சி. மண்ணில் ஏன் ஓடுகிறார்கள் தெரியுமா? மண்ணில் டயர் மெதுவான வேகத்திலேயே வழுக்கும். வழுக்கும்போது உடம்பு பதறாமல் இருக்க அங்கே பழகலாம். தார்ப் பாதையில் அதையே பழகப் போனால் எலும்பு போகும். ரொஸ்ஸி தன் ஊரான தவுல்லியாவில் இதற்காகவே ஒரு மண் பாதை போட்டு வைத்திருக்கிறார். இத்தாலியின் இளைய வீரர்கள் பலர் அங்கே உருண்டு எழும்பித்தான் பெரியவர்களானார்கள்.

கிரெசினிக்குப் போனவருக்குக் கிடைத்த இன்னொரு வசதி, டுகாட்டி தன் எட்டு வண்டிகளின் பதிவுகளையும் எல்லா வீரருக்கும் திறந்து வைத்தது. எந்த வளைவில் யார் எப்போது பிரேக் பிடித்தார், எப்போது எக்ஸலரேட்டரைத் திறந்தார் என்று கோடு கோடாகத் தெரியும். ஹொண்டாவில் எல்லோருக்கும் வழிகாட்டியாக இருந்தவர், இங்கே மற்றவர்களின் கோட்டைப் பார்த்துப் படிக்க உட்கார்ந்தார். முன் டயரை நம்பிய கையைப் பின் டயருக்குத் திருப்பவேண்டும். எட்டுப் பட்டம் வாங்கிய ஆளுக்கு முப்பது வயது தாண்டி அது எவ்வளவு கஷ்டம்!

2024 மார்ச்சில் கட்டாரில் முதல் ஓட்டம்; நான்காவது இடம். வெற்றி உடனே வரவில்லை. செப்டெம்பர் 1ஆம் திகதி அரகோனில் வந்தது. 1,043 நாட்களுக்குப் பிறகு ஒரு வெற்றி. அந்த வருடம் மொத்தத்தில் மூன்றாவது. அதற்குள்ளேயே டுகாட்டி தன் சொந்தத் தொழிற்சாலை அணிக்கு அவரை எடுத்துவிட்டது. 2025 செப்டெம்பர் 28, ஜப்பானின் மொட்டேகியில் ஒன்பதாவது உலகப் பட்டம்.

இதெல்லாம் வென்றவர் கதை. தோற்றவர் கதையை ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை? நான் சொல்கிறேன். ஜோர்ஜ் லொரென்ஸோ. யமஹாவில் 2010, 2012, 2015 என்று மூன்று பட்டம். 2017இல் டுகாட்டிக்குப் போனார். பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் போகும் என்று சொன்னேன் அல்லவா? அந்த டுகாட்டியின் பெற்றோல் தாங்கி அவருடைய உடம்புக்குப் பொருந்தவில்லை. தொடை பற்றிக்கொள்ள இடமில்லை. பாரம் எல்லாம் கையில் விழுந்தது. பத்துப் பதினைந்து சுற்று போனதும் கை இறுகிவிடும், பின்னுக்குப் போவார். 2017 முழுவதும் ஒரு வெற்றியும் இல்லை. தாங்கியின் வடிவத்தை மாற்றி, கைக்குப் பாரம் குறையும்படி செய்து கொடுத்தது 2018 முஜெல்லோவுக்கு. ஜூன் 3. அன்றைக்கே வென்றார்! அடுத்த ஓட்டத்தையும் வென்றார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஹொண்டாவுக்குப் போவது முடிவாகிவிட்டது. ஹொண்டாவில் விழுந்தார், முதுகெலும்பில் அடிபட்டது, 2019 முடிவில் ஓய்வு அறிவித்தார்.

ஒரு தாங்கி. இரண்டு கை அகலத் துண்டு. முதல் மாரியிலேயே செய்து கொடுத்திருந்தால் அந்த மனிதனின் கணக்கு எப்படிப் போயிருக்கும்? வீரன் சொல்லவில்லையா, சொன்னதை யாரும் காதில் போடவில்லையா? உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றரை வருடம் வெற்றியில்லாமல் கழிந்தது என்பது பதிவில் இருக்கிறது. அணி மாறிய வீரனுக்கு வேகம் குறைவதில்லை, அவன் பேச்சை விளங்கும் ஆட்கள்தான் குறைகிறார்கள் என்று நான் நினைப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஐரோப்பாக் கதையாகவே சொல்கிறாயே, நம்ம பக்கம் என்ன என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்கவேண்டியதுதான். பெங்களூரின் சி. எஸ். சந்தோஷ் 2015இல் டக்கார் பாலைவனப் பந்தயத்தை ஓடி முடித்த முதல் இந்தியர். கேடிஎம் வண்டியில் ஓடி 36ஆவது இடம். அடுத்த வருடம் ஹீரோ நிறுவனம் ஜெர்மனியின் ஸ்பீட்பிரெய்னோடு சேர்ந்து ஒரு புது அணி தொடங்கியது. சந்தோஷ் அதற்குப் போனார். அணியே புதிது, வண்டியும் புதிது. 2017 ஜனவரியில் அந்த அணியின் இரண்டு வண்டிகளும் கடைசிக் கோடு வரை வந்து சேர்ந்தன. புது அணிக்கு அதுவே பெரிது. கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, நம் ஓசூர் டிவிஎஸ்ஸும் பிரான்சின் ஷெர்கோவும் சேர்ந்த அணியில் ஓடியவர். 2023 டக்காரில் விழுந்து காயப்பட்டு வெளியேறினார். அடுத்த வருடமே றாலி 2 பிரிவில் முதலிடம், மொத்தத்தில் 11ஆவது. இந்தப் பந்தயத்தில் வழியைப் பார்த்துப் பார்த்துப் போகவேண்டும். வழிக்குறிப்பு ஓட்டத்துக்குச் சற்று முன்னால்தான் கைக்கு வரும். எனவே ஓய்வு மாதங்களில் அவர்கள் பழகுவது வேகமாக ஓடிக்கொண்டே படிப்பதற்கு.

சென்னையை எடுங்கள். ஜெகன் குமார், ரஜினி கிருஷ்ணன், ராஜீவ் சேது என்று வரிசையாகப் பந்தயப் பையன்கள் வந்தார்கள். ஏன் சென்னையிலிருந்து? அங்கே நிலம் இருந்தது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை சும்மா கிடந்தது. அதில் பந்தயம் வைத்தார்கள். பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் சொந்தப் பாதையே போட்டது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க் கால விமானத் தளம்தான். நமது கட்டுகுருந்தையும் அப்படித்தான். தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில், நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றம் எல்லாம் மத்திய மலைநாட்டில். கிழக்குக் கரையில் என்ன இருக்கிறது? கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஏ-4 வீதி இருக்கிறது. பெருநாள் அன்று சைலன்ஸரைக் கழற்றிவிட்டு மூன்று பேர் ஏறிக்கொண்டு போகிற வீதி. தம்பிமாரே, உங்களுக்கு வேகம் குறைவா? இல்லவே இல்லை. வேகம் நிறைய இருக்கிறது. அதைக் காட்டுவதற்கு உம்மாமார் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிற வீதிதான் கிடைத்ததா? ஒரு பயிற்சி கிடையாது, கேட்டுச் சொல்ல ஒரு ஆள் கிடையாது, விழுந்தால் தடுக்க ஒரு டயர் சுவர் கிடையாது.

இனி நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன். நாம் கூடியிருக்கும் இந்தத் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. முன்னாள் துறைமுக அமைச்சர் மர்ஹூம் அஷ்ரஃப் அவர்கள் கண்ட கனவு. வாயை மணல் மூடுகிறது, வடக்கே கரை அரித்துப் போகிறது. இதைப் பற்றி என்னைவிட மீனவச் சகோதரர்களுக்கு அதிகம் தெரியும், அது தீரவேண்டிய பிரச்சினை, அதற்குத்தான் முதலிடம். கப்பல் வராத இடத்தில் வண்டி ஓட்டலாம் என்று கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் வேலைக்கு வராத கொங்கிறீட் தளத்தில், மீன்பிடி வேலைக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையில், மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, வாயிலைப் பூட்டிவிட்டு, கூம்புகள் வைத்து, அம்புலன்ஸ் நிறுத்தி, தெரிந்த ஒருவரைக் கொண்டு பிரேக் பிடிக்கவும் வளைக்கவும் கற்றுக்கொடுத்தால் என்ன? 40 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் யாரும் போகவேண்டியதில்லை. சும்மா ஓட்டிவிட்டுப் போகவும் விடக்கூடாது. ஓட்டி முடித்து இறங்கியதும் வண்டி என்ன செய்தது, எந்த இடத்தில் எப்படி இருந்தது என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அந்த ஒருவர் நம்மூர் கராஜ்காரராகவே இருக்கட்டும். அவர் எழுதி வைக்கட்டும்.

துறைமுக அதிகாரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதி அந்த மேசையில் வைத்திருக்கிறது. மீனவர் சங்கத்தாரும் பள்ளிவாசல் நிர்வாகமும் முதலில் வாசித்துப் பார்த்து, சரியில்லாததை வெட்டிவிட்டுத் தரவேண்டும். அதற்குப் பிறகு கையெழுத்து. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வாப்பாவையோ உம்மாவையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். லைசன் இல்லாதவர்கள் அதை எடுத்துவிட்டு வாருங்கள்.

மஃரிபுக்கு நேரமாகிறது.